சந்திரவல்லி எழுதிய புரோகிராம்

போடிப் பக்கம் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்த மொக்கச்சாமிக்கு ஒரே மகள் சந்திரவல்லி. மதுரைக் கல்லூரியில் கணக்கில் அவள் முதலாவதாக வந்தபோது, தோட்டத்து முதலாளியே ஜீப்பை நிறுத்தி விசாரித்தார். அந்தப் பெருமையில்தான் மொக்கச்சாமி மகளைச் சென்னைக்கு மேல்படிப்புக்கு அனுப்பினார். 1983-ல் அங்கேயே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது.

ஒரு கம்ப்யூட்டரில் தட்டிய கடிதம் டெலிபோன் கம்பி வழியாக வேறு ஊர்க் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கான புரோகிராம் எழுதுவதுதான் அவள் வேலை. லைன் அடிக்கடி பாதியில் அறுந்துவிடும். அறுந்தாலும் கடிதம் தொலையாதபடி அவள் வழி கண்டாள். வந்து சேர்ந்தது என்று அந்தப் பக்கமிருந்து பதில் வரும்வரை, இந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் தன் பிரதியை அழிக்காது. பம்பாய்க்குப் போன கடிதத்துக்குப் பம்பாயிலிருந்து பதில் வந்த அன்று சந்தோஷத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பகலில் மெஷின் பெரியவர்களுக்கு. இளையவர்களுக்கு ராத்திரியில்தான் கிடைக்கும். அப்படிக் கூட வேலை பார்த்த வெள்ளைத்துரை போடிக்குப் பக்கத்துப் பொட்டிபுரத்துக்காரன். ஊர்க்காரன் என்று அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள்.

ஒருநாள் காலையில் மொக்கச்சாமியும் அவளுடைய தாய்மாமன் வீரையாவும் கூடத்துக்குள் வந்து நின்றார்கள். வாங்கப்பா என்று எழுந்தவளை மொக்கச்சாமி அத்தனை பேர் முன்னிலையில் அறைந்தார். அவள் மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்தது.

"ராத்திரியெல்லாம் ஆம்பளைகளோட இருக்கத்தான் ஒன்னைய அனுப்பினேனா?"

கூடத்தின் இயக்குநர் வெளியே வந்து பார்த்தார். குடும்ப விஷயத்தில் தலையிட முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வெள்ளைத்துரை கண்ணாடியைப் பொறுக்கி அவள் கையில் கொடுத்தான். அதில் ஒரு பக்கத்து வில்லை கீறியிருந்தது.

அந்த மாதமே வீரையாவுக்குக் கட்டி வைத்தார்கள். போடியில் ஏலக்காய் வியாபாரம். முதல் மனைவியை இழந்தவர். கூலிக்கு வரும் பெண்களோடு இவளையும் ஏலக்காயைத் தரம் பிரித்துப் பொறுக்க உட்கார வைத்தார். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று கேட்டதற்கு, பச்சைக்காய் வெளுத்தகாய் தெரியுதுல்ல, அது போதும் என்றார். கடையில் டெலிபோன் இருந்தது. அதை அவள் தொடக்கூடாது.

1989-ல் வெள்ளைத்துரை காரில் வந்து இறங்கினான். அவள் வேலை பார்த்த பிரிவுக்கு இப்போது அவன்தான் தலைவன். வீரையா அவனை நாற்காலியில் உட்கார வைத்து, இவளைக் காப்பி கொண்டுவரச் சொன்னார்.

கடிதங்கள் காணாமல் போகின்றனவாம். எவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லையாம். வேகமாக ஓடட்டும் என்று ஓர் இடத்தில் மட்டும் கை வைத்தேன், மற்றதெல்லாம் நீ எழுதியபடியே இருக்கிறது, எங்கே தப்பு என்று கேட்டான். சந்திரவல்லிக்கு உடனே புரிந்துவிட்டது. பதில் வருமுன்பே பிரதி அழிகிறது. ஒரே வரியை மாற்றினால் போதும். சொல்ல வாயெடுத்தாள். இத்தனை வருஷத்தில் அவளிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது.

அதற்குள் வீரையா சிரித்தார். "தம்பி அன்னைக்கு மெனக்கெட்டு வந்து நம்மகிட்டச் சொல்லலேன்னா, இவ கெட்டுப்போயிருப்பா. அந்த நன்றியை நான் மறக்க மாட்டேன்."

வெள்ளைத்துரை காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனையே பார்த்தாள். அவன் நிமிரவில்லை.

"எனக்கு எல்லாம் மறந்து போச்சுண்ணே," என்றாள்.

"நான் சொன்னேன்ல, இதுக்கு என்ன தெரியும்," என்றார் வீரையா.

அந்த வார்த்தைக்கும் அவள் தலையாட்டினாள். வெள்ளைத்துரை எழுந்து, வர்றேன் தங்கச்சி என்று சொல்லிப் போனான். அடுத்த வருஷம் அவர்கள் வெளிநாட்டிலிருந்து வேறு புரோகிராம் வரவழைத்து, அவள் எழுதியதை மொத்தமாக அழித்துவிட்டார்கள். அதை அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.