விசிலக்கா படம் பார்த்த ஆறு வாரம்

பத்தொன்பது வருஷமாக, ஓடுகிற பஸ்ஸில் நின்றபடியே கண்டக்டர் வேலை பார்த்தவள். படியில் தொங்கியிருக்கிறாள், வளைவில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்திருக்கிறாள். ஒரு சிராய்ப்புகூட விழுந்ததில்லை. கடைசியில் அவளைக் கவிழ்த்தது, வீட்டில் சும்மா நின்றுகொண்டிருந்த ஒரு ஸ்டூல். குளியலறையில் பல்பு மாற்ற ஏறினாள். பல்பும் மாறியது, கணுக்காலும் இடம் மாறியது.

“ஆறு வாரம் காலைக் கீழே ஊனக் கூடாது” என்றார் டாக்டர், மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தபடி.

“ஆறு வாரமா? உக்காந்தேவா இருக்கணும்?”

“படுத்தும் இருக்கலாம்.”

டிப்போவில் அவளுக்கு விசிலக்கா என்று பெயர். அவள் ஊதினால் அவளுடைய பஸ் மட்டுமில்லை, பக்கத்தில் நிற்கிற வேறு ரூட் பஸ்ஸும் பதறிக் கிளம்பும். அப்படிப்பட்டவளைக் கூடத்து நாற்காலியில் உட்கார்த்தி, காலைத் தலையணைமேல் ஏற்றி வைத்துவிட்டு, புருஷன் தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய்விட்டான். அவன் பேச்சுக்குப் பேர்போனவன் இல்லை. “ம்” என்பான், கொஞ்சம் உற்சாகமாக இருந்தால் “ம்ம்” என்பான்.

வீட்டில் மிச்சம் இருந்தது நாத்தனார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள் என்று, “ரெண்டே மாசம் அண்ணி” என்று ஒரு பெட்டியோடு வந்தவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வீட்டிலிருந்தபடியே பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக் கொடுத்தாள். கை பட்டனில் இருக்கும், கண் டிவியில் இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு படம், குறையாது. அழுகைப் படமென்றால் பெயர் போடும்போதே மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுவாள்.

விசிலக்காவோ, செருப்பைக் கழற்றுவதற்கும் சாப்பிட உட்காருவதற்கும் நடுவில் கண்ணில் படுகிற மூன்று நிமிஷப் படம்தான் இதுவரை பார்த்திருந்தாள். இப்போது முழுப் படமும் தலையில் விழுந்தது.

முதலில் ஒரு காதல் படம். காதலி வருவாள் என்று பன்னிரண்டு வருஷம் ஒரே பஸ் ஸ்டாப்பில் காத்திருக்கிறான் கதாநாயகன். தாடி வளர்கிறது, மழை பெய்கிறது, பாட்டு வருகிறது. நாத்தனார் தேம்பத் தொடங்கிவிட்டாள்.

“பன்னெண்டு வருஷமா நிக்கிறானே, அந்த ரூட்டுல ஒரு பஸ் கூடவா வரலை?” என்றாள் விசிலக்கா.

“அண்ணி, அவன் பஸ்ஸுக்கு நிக்கலை. இது காதல்.”

“காதல்னா ஒரு அட்ரஸ் விசாரிக்கக் கூடாதா?”

வாய் நமநமக்க, அவள் அதையே தன் பஸ் டிரைவருக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்பினாள். பதினோரு வருஷமாக ஒரே வண்டியில் ஓடியவர்கள், அண்ணன் தங்கை மாதிரி; பட்டப்பெயர்ப் பழக்கத்தில் அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் அதை டிப்போ கேன்டீனில் சத்தமாக வைத்துக் காட்டினார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது. மறுநாளே செய்தி வந்தது: “அக்கா, இன்னிக்கு என்ன படம்?”

அன்றைக்குச் சண்டைப் படம். நாற்பது அடியாட்களை ஒருத்தன் அடித்துப் போடுகிறான். “அண்ணே, நாப்பது பேரும் முண்டியடிக்காம ஒவ்வொருத்தரா வந்து அடி வாங்கிட்டுப் போறாங்க. நம்ம வண்டியில ஏர்றவங்களுக்கு இந்த ஒழுங்கு இருந்தா எனக்குத் தொண்டை மிஞ்சியிருக்கும்” என்று அனுப்பினாள். அடுத்தது குடும்பப் படம்: “வர்ற ஆளெல்லாம் ஏர்றான், ஒருத்தனும் இறங்கலை. இடைவேளைக்குள்ள பெரியப்பாவெல்லாம் படிக்கட்டுல தொங்கறாரு.” பேய்ப் படம் பார்த்தபோது, வெள்ளைப் புடவை கட்டிய பேய் ஒரு மணி நேரம் கதவைத் திறந்து திறந்து மூடியதில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. “எங்க போகணும்னு வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்!” என்று டிவியைப் பார்த்துக் கத்தினாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மூன்றாவது வாரத்தில் டிப்போவில் டீ நேரமே அவளுடைய மெசேஜுக்காக ஐந்து நிமிஷம் தள்ளிப்போனது. விசிலக்காவுக்குக் கால் வலிகூட மறந்துபோயிற்று. நாத்தனாருக்குத்தான் முகம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வந்தது. ஒரு நாள், தாய் மகனைப் பிரிகிற இடத்தில் விசிலக்கா எதையோ சொல்லிச் சிரிக்க, அவள் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள்.

“நீங்க படமா பாக்கறீங்க? தப்பைத்தானே பாக்கறீங்க! பாதி வழியில ஏறி எல்லாரையும் நிக்க வெச்சுக் கேள்வி கேக்கற செக்கர் மாதிரி!”

கண்டக்டரைப் பார்த்துச் செக்கர் என்பதைவிடப் பெரிய வசவு டிப்போ பாஷையில் கிடையாது. விசிலக்கா ஆடிப்போனாள். ராத்திரி சாப்பாட்டில் புருஷனிடம் முறையிட்டாள்: “உங்க தங்கச்சி என்னை என்ன சொல்லிட்டா தெரியுமா?” அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஜாக்கிரதையாக “ம்” என்றான்.

மறுநாள் அவள் ரோஷத்தோடு அறிவித்தாள். “இன்னிக்கு ஒரு வார்த்தை பேச மாட்டேன். எதை வேணா போடு.”

பெயரைப் பார்த்துக் காதல் படம் என்று நினைத்து நாத்தனார் ஒன்றைப் போட்டாள். காதலும் இல்லை, பாட்டும் இல்லை. சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற ஒரு நடுவயதுப் பொம்பளை. வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறாள், செருப்பைக் கழற்றுகிறாள், தண்ணீர் குடிக்கிறாள், ஜன்னல் பக்கம் உட்காருகிறாள். அவ்வளவுதான். இருபதாவது நிமிஷத்தில் நாத்தனார் ஊசியைப் பிடித்த கையோடு தூங்கிவிட்டாள்.

விசிலக்கா மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் வீம்புக்குத்தான். ஒரு நாளைக்கு ஐந்நூறு முகம் பார்க்கிறவள் அவள். ஒவ்வொன்றையும் டிக்கெட் கை மாறுகிற நேரத்துக்கு மட்டும். ஒரே முகத்தை ஒன்றரை மணி நேரம் பார்த்தது இதுதான் முதல் தடவை. இவளுக்கு என்ன கஷ்டம், ஏன் போன் அடித்தும் எடுக்கவில்லை, யார் வரவேண்டும் என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. படம் பதில் சொல்லவில்லை. கடைசியில் அந்தப் பொம்பளை அலமாரியிலிருந்து இரண்டாவதாக ஒரு தட்டை எடுக்கிறாள், பார்க்கிறாள், திரும்ப உள்ளே வைக்கிறாள். படம் முடிந்தது. கடைசிப் பெயர் ஓடி முடிகிறவரை விசிலக்கா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

திரும்பிப் பார்த்தாள். நாத்தனாரின் கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருந்தது. காதோரம் நரை. ஆள்காட்டி விரல் நுனி முழுக்க ஊசி குத்திக் குத்திக் காய்த்திருந்தது. இதெல்லாம் எப்போதிலிருந்து என்று யோசித்தாள், தெரியவில்லை. மெல்ல எட்டி, அவள் கையிலிருந்த ஊசியை உருவி நூல் கண்டில் குத்தி வைத்தாள்.

டீ நேரத்துக்கு டிரைவரின் குரல் வந்தது. “என்னக்கா, சத்தத்தையே காணோம்? படம் ரொம்ப மோசமா?”

அவள் போனை வாயருகே கொண்டுபோனாள். “நல்லா இருந்துச்சுண்ணே” என்று மட்டும் சொன்னாள்.

டிப்போ கலங்கிப்போயிற்று. சாயங்காலமே டிரைவர் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நின்றார். “காய்ச்சல் ஏதாவது இருக்கா? கட்டுக்குள்ள சீழ் கீழ் வெச்சுடுச்சா? டாக்டர்கிட்ட மறுபடி காட்டிடலாம்கா.”

“எனக்கு ஒண்ணுமில்லண்ணே.”

“அப்ப ஏன் படம் நல்லா இருக்குன்னு சொன்னே?”

நாத்தனார் சமையலறைக்குள் போய், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள், சட்டைப் பெட்டியைப் பிரித்து உட்கார்ந்தவளிடம் விசிலக்கா கேட்டாள். “ஏண்டி, தினம் ஒரு படம் பாக்கறியே, சலிக்கலை?”

“மத்தியானமெல்லாம் இந்த வீட்ல குக்கரைத் தவிர யாரு அண்ணி பேசறாங்க?” என்றாள் நாத்தனார், நூலைப் பல்லால் கடித்தபடி. “அப்புறம், படத்துல யாராவது அழுதா கூடச் சேந்து நானும் அழுதுக்கலாம். சும்மா உக்காந்து அழுதா அண்ணன் பயந்துடுவார்.”

விசிலக்கா ரிமோட்டை எடுத்து அவள் பக்கம் நீட்டினாள். “சரி, அடுத்ததைப் போடு. ஊசியெல்லாம் இங்க குடு, நான் கோத்துத் தர்றேன்” என்றாள்.

ஊமையாகிவிட்டாளா என்றால், அதுதான் இல்லை. அன்றைய கதாநாயகன் கண் தெரியாமல் கார் ஓட்டியதை அவளால் எப்படிச் சும்மா விட முடியும்? ஆனால் மெசேஜைப் பாதி பேசும்போதே நாத்தனார் போனைப் பிடுங்கினாள். “அண்ணி சொல்றதை நம்பாதீங்க! அவன் கண்ணு போனதே அவளுக்காகத்தான். அந்த இடத்துல நீங்க அழலைன்னா உங்களுக்கு நெஞ்சுல என்ஜின்தான் இருக்குன்னு அர்த்தம்!” டிப்போ அன்றைக்கே இரண்டு கட்சியாக உடைந்தது. டிரைவர் கூச்சமில்லாமல் நாத்தனார் கட்சியில் சேர்ந்தார்.

மாவுக்கட்டைப் பிரித்து, வேலையிலும் சேர்ந்து, முதல் வார விடுமுறை வந்ததும் விசிலக்கா நாத்தனாரைக் கிளப்பினாள். “பட்டனை மூட்டை கட்டு. தியேட்டருக்குப் போறோம்.” இந்த ஒன்பது வருஷத்தில் நாத்தனார் தியேட்டர் வாசலை மிதித்ததில்லை. மூன்று புடவையைக் கட்டிப் பார்த்துவிட்டு முதலில் கட்டியதையே கட்டிக்கொண்டாள்.

அது திருடன் ஒருத்தனின் கலாட்டாப் படம். தியேட்டரே உருண்டு புரண்டு சிரித்தது. நாத்தனார் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள். நடுவில் ஒரு சின்ன இடம்: திருடனின் வயசான அம்மா, அவனைத் தேடி வந்தவள், தெரியாமல் ஒரு ஸ்டாப் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, முழித்துக்கொண்டு நிற்கிறாள். யாரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை. விசிலக்கா விம்மிவிட்டாள்.

“என்ன அண்ணி?”

“அந்தக் கண்டக்டர் சொல்லியிருக்கணும்டி!” என்று அவள் உரக்கவே அழுதாள். “வயசானவங்க! உங்க ஸ்டாப் இது இல்லம்மான்னு ஒரு வார்த்தை!”

“கொஞ்சம் மெதுவாம்மா” என்றது பின்சீட்டு. நாத்தனார் கைக்குட்டையை எடுத்து நீட்டிவிட்டுத் திரும்பி, “அவங்களுக்கு அழணும்னா அழுவாங்க, நீங்க படத்தைப் பாருங்க” என்றாள்.

அன்றைக்கு டிப்போவுக்குப் போன விமர்சனம் பதினாலு நிமிஷம். அதில் பதினோரு நிமிஷம் நாத்தனார் பேசினாள்.