தொங்கின நத்தார் மரம்

எங்கட வீட்டுக்குள்ள வந்த முதல் நத்தார் மரம் நிலத்தில நிக்கல்ல. தொங்கினது. இதச் சொன்னா ஆக்கள் மரத்தையும் நம்பமாட்டாங்க, என்னையும் நம்பமாட்டாங்க. என்ன நம்பாததில ஞாயம் இரிக்கி. வீட்டுப்பாடம் செய்யாத நாளெல்லாம் ஆடு கொப்பியத் திண்டிட்டு எண்டு நான் சொல்லிச் சொல்லி, கடைசியில ரீச்சர், "அந்த ஆட்டக் கூட்டிக்கொண்டு வா, அதுக்காவது பாடம் ஏறியிரிக்கும்" எண்டா. ஆனா மரம் தொங்கினது மெய்.

தன்னாமுனையில வாவிப் பக்கமா எங்கட வீடு. தகரக் கூரை, ஒரு அறை, ஒரு விறாந்தை. அப்பா வாவியில வல போடுறவர். அக்கா படிக்கிறவள். நான் சாப்புடுறவள். அம்மா குவைத்தில ஒரு அரபி வீட்டுக்கு வேலைக்குப் போய் ரெண்டு வருசமாகியிருந்தது. அங்க அவவுக்கெண்டு போன் இல்ல. வெள்ளிக்கிழமையில அந்த வீட்டு மேடம் தன்ட போனக் கொஞ்ச நேரம் குடுப்பா, அம்மா கதைப்பா. குரல் மட்டும்தான். நாங்க மூண்டு பேரும் ஒரு போனுக்குக் காது வச்சி முட்டிக்கொண்டு நிப்பம். எனக்கு எப்பவும் கிடைக்கிறது அக்காட முழங்கை.

யேசு பிறந்த நத்தாருக்கு நாங்க விறாந்தையில பாலன் குடில் மட்டும்தான் கட்டுற. வைக்கோல், களிமண், பழைய பொம்மைகள். மூண்டு ராசாக்களில ஒருத்தருக்குத் தல இல்ல, அவர மாட்டுக்குப் பின்னால நிப்பாட்டி விடுவம். வீட்டுக்குள்ள மரம் வைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்ல. மரத்த உள்ள வச்சா ஆர் வெளிய படுக்கிற?

அந்த வருசம் நத்தாருக்கு முந்தின வெள்ளி அம்மா எடுத்தா. அவட குரல் ஒரு மாதிரி அவசரமா இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் ரெண்டும் நத்தார் எண்டா என்னெண்டு கேட்டதாம். அம்மா சொல்லியிரிக்கா, எங்கட வீட்டுக்குள்ள வருசா வருசம் கூரை முட்ட ஒரு மரம் வைப்பம், அதுல விளக்கெல்லாம் மின்னும் எண்டு. பிள்ளைகள் இப்ப அந்த மரத்தக் காட்டுங்க எண்டு ஒரே புடி. நத்தார் அண்டைக்கு அந்தியில வீடியோவில எடுப்பாங்களாம்.

"எப்பிடியாவது ஒரு மரம் வச்சிருங்க மனே" எண்டு சொன்னா. கோல் கட்டாகிட்டு.

அக்கா செத்த வீட்டுச் செய்தி கேட்டவள் மாதிரி நிண்டாள். "அம்மா பொய் சொல்லியிரிக்கா!"

எனக்கெண்டா வலு சந்தோசம். பொய் சொல்லுற பழக்கம் எனக்கு அப்பாட பக்கத்தால வந்ததெண்டுதான் அதுவரைக்கும் எல்லாரும் சொன்னது. ஆனா சந்தோசம் கொஞ்ச நேரம்தான். பொய்க்காரி எண்டு பேர் எடுத்தா ஒரு ஆளுக்கு என்ன நடக்கும் எண்டு எங்கட வீட்டில என்ன விடத் தெரிஞ்ச ஆள் இல்ல. புறகு மெய் சொன்னாலும் ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. எனக்கு அது பள்ளிக்கூடத்தோட முடிஞ்சிரும். அம்மா அந்த வீட்டுக்குள்ளயேதான இரிக்கணும்? மரம் இல்லாட்டி அவட மானம் போயிரும். நான் உடனே சித்தப்பாட வளவுக்கு ஓடினன்.

சித்தப்பா விசயத்தக் கேட்டுட்டு, "மரம்தானே, விடு" எண்டார். அவர் எதுக்கும் அப்பிடித்தான் சொல்லுவார், கிணறு இடிஞ்சாலும். நத்தாருக்கு முதல் நாள் மோட்டார் சைக்கிள எடுத்துக்கொண்டு கல்லடிக்குப் போனார். அங்க தெரிஞ்ச ஒருத்தர்ர வளவுக்குள்ள மழைக்காத்துக்கு ஒரு சவுக்குக் கிளை முறிஞ்சி கிடந்ததாம், கூரை உசரத்துக்கு. கேட்டு வாங்கி, சைக்கிளுக்குப் பின்னால கயித்தில கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அங்கதான் பிழைச்சது. கல்லடியில இருந்து தன்னாமுனை வரைக்கும் அந்தக் கிளை றோட்டக் கூட்டிக்கொண்டு வந்திரிக்கி. வீட்டு வாசலுக்கு வரக்குள்ள ஒரு பக்கம் மரம், மறுபக்கம் வெறும் கம்பு.

"சித்தப்பா, இது மொட்டையாயிரிக்கி."

"சுவர்ப் பக்கம் திருப்பி வைடி. ஒனக்குப் பின்பக்கத்தில முகமா இரிக்கி?"

சரியெண்டு ஒரு வாளிக்குள்ள மணல் போட்டு நட்டம். விழுந்தது. கல்லுப் போட்டு இறுக்கினம். மறுகாலும் விழுந்தது, இந்த முற அக்காட தலையில. அடி வளைஞ்ச கிளை, எப்பிடி நட்டாலும் வெறிகாரன் மாதிரி ஒரு பக்கம் சாயும். சித்தப்பா வாளிய உதைச்சார். வாளி வெடிச்சது. அக்கா அழத் தொடங்கிட்டாள்.

அப்பா அதுவரைக்கும் வாசல்ல இருந்து கிழிஞ்ச வல பொத்திக்கொண்டிருந்தார். அவர் அதிகம் கதைக்கிற ஆள் இல்ல. ஒருக்கா நிமிர்ந்து பாத்திட்டுச் சொன்னார்: "நிக்காத சாமானப் புடிச்சி ஏன் நில்லு நில்லு எண்டுறீங்க?"

அப்பாவுக்கு உலகத்தில உள்ள சாமான் ரெண்டு வகைதான். ஒண்டு மிதக்கும், மத்தது தொங்கும். அவர் எழும்பி, வலைக்குப் போடுற தங்கூசி நைலோன் நூலில மொத்தமானதா எடுத்து, கிளைட நுனியில ஒரு முடிச்சிப் போட்டு, கூரை மரத்தில ஏறிக் கட்டினார். ஆடாமல் இரிக்க அடியில வல ஈயத்தக் கோத்துவிட்டார். வேல முடிஞ்சிது. மரம் நேரா நிமிந்து, நிலத்துக்கு மேல ஒரு சாண் உசரத்தில நிண்டது. தங்கூசி கண்ணுக்குத் தெரியாது. பாத்தா மரம் சும்மா காத்தில நிக்கிற மாதிரி.

"வானத்துச் சம்மனசு மாதிரியெல்லோ நிக்கிது!" எண்டார் சித்தப்பா. தானே செஞ்ச மாதிரி நெஞ்ச நிமித்திக்கொண்டார்.

மறுகா சோடிச்சம். வலையில கட்டுற மிதப்புகளுக்கு அக்கா நகப்பூச்சு பூசி உருண்டை உருண்டையாத் தூக்கினாள். பால்மாப் பக்கெட்டுக்குள்ள இரிக்கிற வெள்ளித் தாள வெட்டி நான் நட்சத்திரம் செஞ்சன். நட்சத்திரம் எண்டு நான்தான் சொல்லோணும், அக்கா அதப் பாத்திட்டு நண்டு எண்டாள். சித்தப்பா கொண்டு வந்த கலர் பல்புகளச் சுத்திப் போட்டுக் கரண்ட் குடுத்தம். வீடு அப்பிடியே மாறிப்போச்சி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் யன்னல்ல வந்து தொத்தினாங்க.

ஆனா தொங்குற சாமானுக்கு ஒரு குணம். ஆராவது பக்கத்தால போனாக் காணும், மெல்லக் கிறுகும். கிறுகி மொட்டப் பக்கத்த வாசலுக்குக் காட்டும். புடிச்சித் திருப்பிவிட்டா மறுகா கிறுகும்.

"நீ பின்னால ஒளிச்சி நிண்டு மரத்தப் புடிச்சிக்கொண்டு நில்லு" எண்டாள் அக்கா. "நீதான் மெலிசு. வாயையும் பொத்திக்கொண்டு நில்லு."

நான் மாட்டன் எண்டு சொல்லல்ல. அம்மாட மானம் என்ட கையில. எனக்கு அதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு முட்டையக் கூட நம்பித் தந்ததில்ல.

நத்தார் அண்டைக்கு அந்தியில, வீடியோ தெரியிற சித்தப்பாட போன் அடிச்சது. நான் சுவருக்கும் மரத்துக்கும் நடுவில பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நிண்டன். எனக்குப் போனும் தெரியாது, ஆக்களும் தெரியாது, மூக்குக்குள்ள சவுக்கு மட்டும்தான். சத்தம் கேக்கும். அரபில ரெண்டு பிள்ளைகள் கத்துறாங்க. அம்மாட குரல் எங்கயோ பின்னால. அக்கா போனப் புடிச்சிக்கொண்டு மரத்தக் காட்டுறாள். கொஞ்ச நேரத்தில பிள்ளைகள்ற சத்தம் குறைஞ்சிட்டு. விளையாடப் போகப்போறாங்க போல. இவ்வளவுதானா எண்டு கேக்கிற மாதிரி ஒரு பிள்ளை அரபில என்னவோ சொன்னது. அது எனக்கு மொழிபெயர்க்காமலே விளங்கினது, எங்கட ரீச்சர் என்ட கொப்பியப் பாத்திட்டு விடுற அதே மூச்சு.

அப்ப பாத்து ஒரு நுளம்பு என்ட கழுத்தில குத்தினது. நான் கைய விட்டு அடிச்சன். மரம் கிறுகத் தொடங்கிட்டு.

அக்கா "ஐயோ" எண்டாள். நான் பாய்ஞ்சி புடிக்கிறதுக்குள்ள அங்க இருந்து ஒரு கூச்சல்! அழுகை இல்ல, சந்தோசக் கூச்சல். சுத்துது, மரம் சுத்துதாம்! வீதி வழியக் கடை வழிய அந்தப் பிள்ளைகள் கண்ட மரமெல்லாம் நிண்ட மரம். சுத்துற மரம் எங்கட வீட்டில மட்டும்தான்.

"மறுகாச் சுத்தட்டாம்!" எண்டு அம்மா கத்தினா.

நான் விடுவனா? அடிமரத்தப் புடிச்சி ஒரு சுழட்டு. பல்பு வயர் இறுகுறதுக்குள்ள மற்றப் பக்கம் ஒரு சுழட்டு. பல்பு மின்னுற மின்னலில மொட்டப் பக்கம் எங்க வந்தது, எங்க போனது எண்டு ஒருத்தருக்கும் தெரியல்ல. மேடமும் வந்து பாத்தாவாம். சித்தப்பா மரத்துக்குப் பக்கத்தில போய் நிண்டு, இது கொழும்பில இருந்து வந்த மெசின் எண்ட மாதிரி ஒரு முகத்தோட சிரிச்சாராம். யன்னல்ல நிண்ட பிள்ளைகள் கை தட்டினாங்க. அப்பா, எங்கட அப்பா, வாய் திறந்து சிரிச்சார். அந்தச் சத்தத்த நான் அண்டைக்குத்தான் முதல்ல கேட்டன்.

அப்பதான் அம்மா கேட்டா: "சின்னவள் எங்க?"

அக்கா, "கோயிலுக்குப் போயிட்டாள் அம்மா" எண்டாள். என்ட அக்கா சொன்ன முதல் பொய். எனக்கு அவளக் கட்டிப் புடிக்கோணும் போல இருந்தது.

அம்மா உடனே, "போனக் கீழ புடி" எண்டா. "இன்னும் கீழ. இன்னும்." மறுகா அம்மாட சிரிப்புக் கேட்டது. பெரிய சிரிப்பு, முடிவில மூக்க உறிஞ்சின சிரிப்பு. "அப்பிடியே புடி. மேல தூக்காத மனே, அப்பிடியே புடி." பிள்ளைகள் மேல காட்டு, மேல காட்டு எண்டு கத்துறாங்க, அம்மா விடமாட்டா.

எனக்கு உடனே பிடிபட்டுட்டு. மேல காட்டினாத் தங்கூசி கட்டின முடிச்சித் தெரிஞ்சிரும், குட்டு உடைஞ்சிரும், அதுக்குத்தான் அம்மா போனக் கீழ இறக்கச் சொல்லுறா. என்ன மூளை! இந்த மூளைதான் எனக்கு வந்திரிக்கி எண்டு நினைச்சி, இன்னும் உற்சாகமாச் சுத்தினன்.

கோல் முடிஞ்ச உடன என்னத் தூக்கிக்கொண்டு போய் விறாந்தையில வச்சாங்க. சித்தப்பா எனக்குப் பெரிய கேக் துண்டு தந்தார், அக்காட துண்ட விடப் பெரிசு. நாங்க வெண்டிட்டம். அம்மாட பேச்சு மெய்யாகிட்டு. அண்டைக்கு நான் ஒரு ராசாத்தி மாதிரி இருந்தன், அந்தக் குடில் ராசா மாதிரியில்ல, தல உள்ள ராசாத்தி, கழுத்தில நுளம்புத் தடிப்போட.

அம்மா வந்து சேந்து கனகாலத்துக்குப் புறகு, றால் உடைச்சிக்கொண்டிருக்கக்குள்ள ஒருநாள் சொன்னா: "அந்தப் புள்ளைகளுக்கு மரக் கதையச் சொல்லி ஆச காட்டினாத்தான் மேடம் வீடியோவில எடுத்துத் தருவா. இல்லாட்டி மரம் ஆருக்குக் கா வேணும்?"

சின்ன வயசில எனக்கு இது விளங்கல்ல. ரெண்டு வருசமா எங்கட முகத்தக் காணாத மனிசி, அவ்வளவு பெரிய பொய்யச் சொல்லி, கிடைச்ச அந்தக் கொஞ்ச நேரத்தில, நிலத்துக்கும் மரத்துக்கும் நடுவில இருந்த ஒரு சாண் இடைவெளியால என்ட ரெண்டு பாதத்தையும் பாத்துக்கொண்டிருந்திரிக்கா. நான் கால இழுத்து இழுத்து ஒளிச்சிக்கொண்டு, மரத்த நல்லாச் சுத்திக் காட்டினன்.