ஷாக்கில் ஒரு குறையும் இல்லை

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் எல்லோரும் அவரை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் இருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எதைக் கண்டாலும் கழற்றிப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. துணி துவைக்கும் இயந்திரம், மகளின் மூக்குக் கண்ணாடி, பக்கத்து வீட்டு அழைப்புமணி என எதையும் வெளியாள் கையில் கொடுக்க விட்டதில்லை. "நமக்கு என்ன கை இல்லையா?" என்பார். உடம்புக்கு ஏதாவது வந்தாலும் அதே பேச்சுதான். கடைசியாக எப்போது டாக்டரிடம் போனார் என்று அவர் மனைவியைக் கேட்டால், மகள் பிறந்த சமயத்தில் பிரசவ ஆஸ்பத்திரிக்கு வந்தாரே, அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா என்று திருப்பிக் கேட்பார்.

நாற்பது வயதைத் தாண்டியபின் அவருக்கு மலைச் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. ஊரைவிட்டுப் போகும் சகஊழியர் ஒருவர் தன் சைக்கிளை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். லீவு நாளென்றால் விடிந்ததும் ஊருக்குப் பின்னால் இருக்கும் குன்றுக்குக் கிளம்பிவிடுவார். வேரும் கல்லுமாகக் கிடக்கும் ஒற்றையடிப் பாதையில் எலும்பு கழன்றுவிடாமல் காப்பாற்றுவது அந்தச் சைக்கிளின் பின் ஷாக், அதாவது அதிர்வுதாங்கிதான். உள்ளே ஸ்பிரிங் கிடையாது, காற்றுதான். ஏறி உட்கார்ந்தால் ஆள் எடைக்குத் தக்கபடி அமுங்கும். பளபளவென்ற தண்டின்மேல் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவு தூரம் அது தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். தனக்கு வளையம் எங்கே நிற்க வேண்டும் என்று அவர் ஒரு வெள்ளைக் கோடு போட்டு வைத்திருந்தார்.

அந்த வருடம் வளையம் கோடு வரைக்கும் வரவில்லை. சைக்கிள் கட்டை வண்டி மாதிரி குதித்தது. பம்பை மாட்டிப் பார்த்தார். காற்று அவர் எப்போதும் வைக்கும் அளவில்தான் இருந்தது. "உள்ளே ரப்பரெல்லாம் காஞ்சு இறுகிப்போச்சு. பிரிச்சு மாத்திட்டா வெண்ணெய் மாதிரி ஆயிடும்" என்று மனைவியிடம் சொன்னார்.

"சமையல் மேடையில மட்டும் வேண்டாங்க" என்றார் மனைவி.

சமையல் மேடையில்தான் நடந்தது. பழைய போர்வையை விரித்து, இரண்டு போல்ட்டைக் கழற்றி ஷாக்கைக் குழந்தையைப் போலக் கொண்டுவந்து கிடத்தினார். வால்வை அமுக்கிக் காற்றை மெதுவாக வெளியேற்றினார். கையால் அமுக்கி, விட்டு, மறுபடி வெளியேற்றினார். இதில் அவசரப்பட்டால் மிச்சமிருக்கும் காற்று வெளிக் குழாயைத் துப்பாக்கிக் குண்டு மாதிரி முகத்தில் அடித்துவிடும் என்று அவருக்குத் தெரியும். குழாயைத் திருகிப் பிரித்தபோது 'புஸ்' என்று ஒரு பெருமூச்சும் நாலு சொட்டு எண்ணெயும்தான் வந்தன. அதுவரை எல்லாம் சரி.

உள்ளே போக வேண்டிய புது ரப்பரை அதன் பள்ளத்தில் உட்கார வைக்கும்போதுதான் கை நடுங்கியது. ரப்பர் நழுவியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடி நழுவியது. லிஃப்ட் குழியில் தொங்கிக்கொண்டே மயிரிழைக் கம்பியைக் கோர்க்கிற கை அது. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டி ஷாக்கின்மேல் விழுந்தது. மனைவி ஸ்வெட்டர் போட்டிருந்தார். இவருக்கோ உடம்பு தகித்தது.

தண்ணீர் எடுக்க வந்த மகள், "அப்பா, நான் பிடிச்சுக்கட்டுமா?" என்றாள்.

"உன்னை யாரு கூப்பிட்டா? போய் வேலையைப் பாரு!"

அந்தச் சத்தம் அவருக்கே அதிகமாகத்தான் பட்டது.  மகள் டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நாளாகவே அவள் அப்படித்தான், அவர் இருக்கும் அறையை விட்டு எழுந்து போய்விடுவாள்.

ஒருவழியாக மாட்டி முடித்துக் காற்றை அடித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். இறங்கி, குனிந்து பார்த்தார்.

தண்டின்மேல் இருந்த வளையம் பழைய இடத்திலேயே நின்றது. கோட்டுக்கு வெகு தூரம்.

"இருக்கவே இருக்காது" என்றார். மறுபடி ஏறினார். மறுபடி அதேதான். பழைய ரப்பர் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்து மச்சினன் வந்து சேர்ந்தான். பேக்கரி வைத்திருப்பவன். மனைவிக்குத் தம்பி. அவனும் இவரும் ஒரே வாகு, ஒரே எடை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒருவர் சட்டையை ஒருவர் மாற்றிப் போட்டுக்கொள்வார்கள்.

"என்ன மாமா, சைக்கிளைப் பாத்து முறைக்கிறீங்க?"

"மாப்ள, நீ கொஞ்சம் ஏறி உட்காரு. சும்மா உட்காரு, மிதிக்காத."

மச்சினன் ஏறினான். ஷாக் உஸ்ஸென்று இதமாக அமுங்கியது. அவன் இறங்கியதும் இரண்டு பேரும் குனிந்தார்கள். வளையம் வெள்ளைக் கோட்டில் நூல் பிடித்த மாதிரி நின்றது.

"பாத்தீங்களா, ஷாக்ல ஒரு குறையும் இல்ல" என்று சிரித்தான் மச்சினன். அவர் சிரிக்கவில்லை. அவன் அவரை மேலும் கீழும் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "மாமா... இந்தச் சட்டை என்னோடதுதானே? உங்களுக்கு ஏன் இப்படித் தொளதொளன்னு இருக்கு?"

கட்டிலுக்கு அடியிலிருந்து எடை மெஷினை இழுத்து, தூசியைத் தட்டினார்கள். முதலில் மச்சினன் ஏறினான். எண்பத்து மூன்று. பிறகு அவர் ஏறினார்.

அறுபத்தெட்டு.

இறங்கி மெஷினைக் காலால் தட்டிவிட்டு மறுபடி ஏறினார். அறுபத்தெட்டு.  மெஷினில் கோளாறு என்று சொல்ல வாயெடுத்தார். அதைக் கழற்றிப் பார்க்கலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பக்கத்தில் எண்பத்து மூன்று கிலோ மச்சினன் மலை மாதிரி நின்றான்.

வாசற்படியில் நின்றிருந்த மனைவி கிட்டே வந்து எண்ணைப் பார்த்தார். "பார்த்தவங்க எல்லாம் 'உங்க வீட்டுக்காரர் சின்னப் பையன் மாதிரி ஆயிட்டாரே'ன்னு சொன்னாங்க. நானும் சைக்கிளாலதான்னு பெருமைப்பட்டுட்டு இருந்தேன். ஒரு ஆள் சாப்பிடற இடத்துல ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டீங்க. பதினஞ்சு கிலோங்க! கூடவே இருந்து எப்படி எனக்குத் தெரியாமப் போச்சு?"

 அவருக்குப் பேன்ட் பெல்ட்டில் தானே ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. ஒன்றல்ல, மூன்று. ஒவ்வொன்றையும் சந்தோஷமாகவே போட்டிருந்தார்.

மறுநாள் காலை டாக்டரிடம் அவர் போகவில்லை, அழைத்துப்போனார்கள். மனைவி ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். டாக்டரம்மா அவர் கையை நீட்டச் சொல்லி அதன்மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் படபடவென்று ஆடியது. பிறகு நாடி பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார்.

"ஓடி வந்தீங்களா?"

"இல்லைங்க. அரை மணி நேரமா வெளியில உட்கார்ந்துதான் இருந்தேன்."

"உட்கார்ந்திருக்கும்போதே இதயம் இந்த ஓட்டம் ஓடுது. இதோட நீங்க மலை ஏறினீங்களா?" டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வழியில விழுந்திருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

 ஆளில்லாத அந்தப் பாதை அவர் கண்ணுக்குள் வந்தது. 

ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி அளவு மீறி வேலை செய்துகொண்டிருந்தது. எடை இறங்குவது, பசி, வியர்வை, நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் அதன் வேலை. மாத்திரையில் கட்டுப்படுத்திவிடலாம் என்றார் டாக்டரம்மா. "எரிச்சலும் நிறைய வந்திருக்குமே?" என்று கேட்டார்.

மகள் நிமிர்ந்தாள். "எங்ககிட்ட கத்தினது எல்லாம் அதனாலதானா? அப்பாவுக்கு என்னைப் பிடிக்காமப் போயிடுச்சுன்னு நெனச்சேன்."

எடை மெஷினையும் நாடியையும்விட அதுதான் அவரைப் பலமாக அடித்தது. 

"பெரும்பாலும் அதுதான்மா" என்றார் டாக்டரம்மா.

"கொஞ்சம் நானும்தான்" என்றார் ஸ்பேனர். மகளின் தலையில் கை வைத்தார். அவள் எழுந்து போகவில்லை.

மாத்திரைகள் வேலை செய்யச் சில மாதங்கள் பிடித்தன. அதுவரை குன்றுப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று உத்தரவு. முதலில் கை நடுக்கம் நின்றது, பிறகு தூக்கம் வந்தது, எடை மெதுவாக ஏறியது. பார்த்தவர்கள் "என்ன ஸ்பேனர், மறுபடி தொப்பை போட்டுட்டீங்களே" என்று வருத்தப்பட்டார்கள். அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு நன்றி சொன்னார்.

இப்போது யாராவது இளைத்திருந்தால் அவருக்குப் பொறுக்காது. கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர் ஒருநாள் கன்னம் ஒட்டி வந்ததைப் பார்த்து, மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு, கையைப் பிடித்து டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

"ஐயா, இளைக்கணும்னுதான் ஆறு மாசமா வாயைக் கட்டி இருக்கேன். என்னைக் கொஞ்சம் விடுங்க" என்று கணக்கு எழுதுகிறவர் கெஞ்சியும் ஸ்பேனர் கையை விடவில்லை.