ஒரே படிக்கட்டில் ஏழு வீடு

1. ஏழு திறப்பு

இத்தாலியில் இருக்கிற இந்தப் பலேர்மோவுக்கு எனக்கு முன்னம் வந்த தமிழர் எத்தனையோ பேர். ஆனால் ஒரே கட்டடத்தில், ஒரே படிக்கட்டில், ஏழு வீட்டு வேலையைப் பிடித்து வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பாஷை தெரியாத ஊரில் ஏழு வீட்டுத் திறப்புக் கொத்தை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தேன் என்றால் சும்மாவா?

சீசா என்கிற பகுதியில் இருந்த அந்த ஆறு மாடிக் கட்டடத்துக்குக் காலையில் ஒரு பஸ் எடுத்துப் போனால் போதும். மேல் மாடியில் தொடங்குவேன். மாலையில் கீழே வந்து நிற்பேன். கூட்டிக் கழுவுகிறவன் எப்போதும் மேலிருந்து கீழே வரவேண்டும். அழுக்கும் அவனோடு கீழே வந்துவிடும். மற்ற ஆட்கள் திங்கட்கிழமை ஒரு தெரு, செவ்வாய்க்கிழமை இன்னொரு தெரு என்று ஓடித் திரிந்த காலம் அது. எனக்கும் முதலில் நாலு இடத்தில் நாலு வீடு இருந்தது. சீசாவில் ஒவ்வொரு வீடாகக் கிடைக்கக் கிடைக்க, பழைய வீடுகளை எங்கள் ஆட்களுக்கே கைமாற்றினேன்.

கைமாற்றுவதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. புது ஆளைக் கூட்டிக்கொண்டு போய் சிஞ்ஞோராவுக்கு, அதுதான் வீட்டுக்கார அம்மாவுக்கு, அறிமுகம் செய்வோம். ஒரு கிழமை கூடவே நின்று எந்தத் தரைக்கு எந்தத் தண்ணீர், எந்த அலுமாரியைத் தொடக்கூடாது என்று காட்டிக்கொடுப்போம். கிழமை முடிந்தால் வீடு அவனுடையது. திருப்பிக் கேட்கக்கூடாது. அப்படி நான் கொடுத்த வீடு ஒன்றை வாங்கியவன் மன்னார் அருளப்பு.

"அண்ணை, நீங்கள் வேலைக்குப் போறியளோ, கோயில் வீதி சுத்துறியளோ? ஒரே இடத்திலையே சுத்திச் சுத்தி வாறியள்" என்பான்.

"உனக்குப் பாதிச் சீவியம் பஸ்ஸுக்குள்ளை போகுதடா. முதல் அதைப் பார்" என்பேன்.

அந்த நேரம் மனைவி பவளமும் மகளும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிடக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டிருந்தேன். தாங்கள் என்னைக் கூப்பிடும்போது வேலை ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஏழு வீட்டில் என்னை எழுத்தில் வேலைக்கு வைத்திருந்தவர் ஐந்தாம் மாடி சிஞ்ஞோரா பீனா ஒருவர்தான். மற்ற ஆறும் வாய்ப்பேச்சு. அவருடைய கையெழுத்தில்தான் என் குடும்பம் தொங்கியது. எனக்கு அது அப்போது பயமாகத் தெரியவில்லை.

2. மாரெக் சொன்னதும் நான் சிரித்ததும்

ஞாயிற்றுக்கிழமை வுச்சீரியா சந்தைக்கு மீன் வாங்கப் போவேன். அங்கே ஒரு மீன் தட்டில் ஐஸ் அள்ளிக் கொட்டுகிற போலந்துக்காரன் மாரெக். தன் ஊரில் நெசவு மெசின் செய்கிற தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்தவன். இரண்டு பேருக்கும் இத்தாலியன் அரைகுறை. ஆனாலும் நன்றாகக் கதைப்போம்.

"படிச்ச மனுசன் ஏன் ஐஸ் அள்ளுறாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாடு மாறிப்போச்சு" என்றான். "முந்தித் தொழிற்சாலை அரசாங்கத்தின்ரை. விக்குதோ இல்லையோ நாங்கள் செய்துகொண்டே இருப்பம், அரசாங்கம் எடுக்கும். பிறகு, இனி நீங்களே வித்துப் பிழையுங்கோ எண்டு கையை விட்டுட்டுது. எங்களிட்டை மெசின் வாங்கின பக்கத்து நாடும் அதே நேரத்திலை விழுந்துது. பூட்டியாச்சு."

"வேறை வேலை பாக்கிறதுதானே?"

"எங்கை பாக்கிறது? ஊர் முழுக்க அந்த ஒரு தொழிற்சாலைதான். அது பூட்டின அடுத்த மாதம் தலைமயிர் வெட்டுறவனுக்கும் வேலை இல்லை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தொழிற்சாலை பூட்டினால் மயிர் வளராதோ?"

"வளரும். பெண்சாதி வெட்டுவாள்."

நான் இன்னும் பலமாகச் சிரித்தேன். கை இருக்கிறவனுக்கு வேலை இருக்கும், வேலை இல்லை என்கிறவன் சோம்பேறி, இதுதான் அன்றைக்கு என் கொள்கை. சிஞ்ஞோரா பீனாவின் மகன் பட்டம் எடுத்துவிட்டு அரசாங்க வேலை வரும் வரும் என்று பல்கனியில் இருந்து சிகரெட் பிடிப்பான். அவனையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருந்தேன்.

3. பாடம் கேட்ட வீட்டுக்காரர்

சீசா கட்டடத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதை ஒரு கம்பனியின் ஆட்கள் கூட்டுறவாகச் சேர்ந்து கட்டியிருந்தார்கள். எனக்கு வேலை தந்த ஏழு வீட்டு ஆண்களும் அந்தக் கம்பனியில்தான் வேலை. ஒருவர் நிலம் அளக்கிற சேவையர், ஒருவர் ஸ்டோர் கீப்பர், ஒருவர் லொறிக்குப் பொறுப்பு. கம்பனி செய்தது முழுக்க அரசாங்க வேலை: றோட்டு, பாலம், ஆஸ்பத்திரி. இதெல்லாம் எனக்கு மூன்று வருடமாகத் தெரியும். தெரிந்தும், நல்லது, எல்லோரும் ஒரே நாளில் சம்பளம் எடுக்கிறார்கள், எனக்கும் ஒரே நாளில் கிடைக்கிறது என்றுதான் நினைத்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அரசாங்கம் செலவைச் சுருக்கியது. புது றோட்டு இல்லை, பழைய றோட்டுக்குக் காசு இல்லை. பாதி கட்டின பாலம் அப்படியே நின்றது. எனக்கு அரசியல் தெரியாது. எனக்குத் தெரிந்தது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை மூன்றாம் மாடிக் கதவைத் திறந்தபோது வீட்டுக்காரர் பைஜாமாவோடு நின்றதுதான். அதுவரை அந்த மனிதரைச் சுவரில் மாட்டின படத்தில்தான் கண்டிருந்தேன். அடுத்த கிழமை நாலாம் மாடியிலும் ஒருவர் நின்றார். கம்பனி எல்லோரையும் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டதாம், அரசாங்கம் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுக்கிறதாம்.

சிஞ்ஞோரா பீனாவின் கணவர்தான் அந்தச் சேவையர். அமைதியான மனிதர். நான் தரை துடைக்கும்போது பின்னாலேயே வந்தார்.

"சிவா, இந்த மார்பிளுக்கு வினிகர் போடலாமோ?"

"ஐயோ, போடாதேங்கோ! பளபளப்புப் போயிடும். வெந்நீர், கொஞ்சம் சவர்க்காரம், பிறகு காய்ந்த துணி. வினிகர் குளியலறைக் குழாயிலை படியிற சுண்ணாம்புக்கு மட்டும்."

கொப்பி எடுத்து எழுதினார். சேவையர் அல்லவா, எழுத்து அச்சுப்போல இருக்கும். எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. படித்த மனிதர் என்னிடம் பாடம் கேட்கிறார்! மொப்பை எப்படிப் பிழிவது, யன்னல் கண்ணாடிக்கு ஏன் பழைய பேப்பர், வெயில் அடிக்கும்போது ஏன் கண்ணாடி துடைக்கக்கூடாது என்று கிழமை முழுக்கச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாள் மொப்பை வாங்கித் தானே துடைத்தும் காட்டினார். மூலை விடுபடாமல் துடைத்தார். கெட்டிக்காரன் என்று பாராட்டினேன்.

வெள்ளிக்கிழமை சிஞ்ஞோரா பீனா குசினியில் என்னை இருத்திக் கோப்பி தந்தார். அவருடைய கண் சிவந்திருந்தது.

"சிவா, கோவிக்காதை. இனி இவர் செய்வார். உனக்குத் தர எங்களிட்டை வழியில்லை."

அப்போதுதான் மண்டையில் ஏறியது. ஒரு கிழமை கூட நின்று, எல்லாம் காட்டிக்கொடுத்து, எங்கள் முறைப்படி சுத்தமாக வீட்டைக் கைமாற்றியிருக்கிறேன், அதுவும் வீட்டுக்காரனுக்கே! பலேர்மோவில் இப்படி ஒரு கைமாற்றம் எனக்கு முன்னமும் நடக்கவில்லை, பின்னமும் நடக்கவில்லை.

அந்தக் கொப்பி மாடி மாடியாகப் போனதோ என்னவோ, ஒரு மாதத்துக்குள் ஏழு திறப்பையும் திருப்பிக் கொடுத்தேன். படிக்கட்டைக்கூட ஆண்கள் முறை வைத்துக் கழுவினார்கள். கீழே கோப்பிக் கடைக்காரன் வேலைக்கு நின்ற ஆளை அனுப்பிவிட்டான். பக்கத்தில் தலை அலங்காரம் செய்கிற பெண் வாரத்தில் மூன்று நாள் கடையைப் பூட்டினாள். றோட்டுப் போடுகிற கம்பனிக்கும் கொண்டை போடுகிறவளுக்கும் என்ன சம்பந்தம் என்று முந்தி என்றால் கேட்டிருப்பேன்.

அந்த ஞாயிறு பவளம் ரெலிபோனில் கேட்டாள்: "இஞ்சரப்பா, குவெஸ்தூராவிலை கூப்பிட்டவங்களோ? இஞ்சை லொட்ஜிலை ஒவ்வொரு நாளும் பொலிஸ் வந்து பதிவு கேக்கிறாங்கள்."

"எல்லாம் ஓடுது, நீ யோசியாதை" என்றேன். ஒப்பந்தம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

நாலு கிழமை நடந்தேன். கதவு கதவாகத் தட்டினேன். கை இரண்டும் இருந்தது, வேலை இல்லை. அருளப்பு விசயம் அறிந்து வந்தான்.

"அண்ணை, நீங்கள் தந்த வீட்டைத் திருப்பி எடுங்கோ. நான் சமாளிப்பன்."

"குடுத்தது குடுத்ததுதான்."

"வீம்பு கதையாதேங்கோ. அக்காவும் பிள்ளையும் அங்கை லொட்ஜிலை இருக்கினம்."

"எனக்கு வீடு பிடிக்கத் தெரியுமடா!"

4. வேலை போகாதவர்கள்

தெரியும் என்றுவிட்டு நேரே மாரெக்கிடம் போனேன்.

"உன்ரை ஊரிலை ஆருக்கு வேலை போகேல்லை?"

ஐஸ் அள்ளுவதை நிறுத்திவிட்டு விரல் விட்டு எண்ணினான். "மருந்துக்கடைக்காரன். பாதிரியார். குழி வெட்டுறவன். அதுக்குப் பிறகு பென்சன்காரக் கிழவியள். என்ரை பெண்சாதி பிள்ளையள் இப்ப சாப்பிடுறது என்ரை அம்மாவின்ரை பென்சனிலை."

இந்த முறை நான் சிரிக்கவில்லை. அங்கேயே நின்று யோசித்தேன். இவ்வளவு காலமும் ஒரு வீட்டுக்குப் போனால் எத்தனை அறை, எத்தனை யன்னல் என்று பார்த்தேன். அந்த வீட்டுக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை.

சீசா கட்டடத்தின் முதலாம் மாடியில் சிஞ்ஞோரினா அகாத்தா இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, கலியாணம் செய்யாதவர். கம்பனியில் வேலை செய்து செத்துப்போன தமையனுடைய வீடு அவருக்கு வந்தது. மூன்று தரம் என்னை வேலைக்குக் கேட்டவர். வீடு முழுக்கப் புத்தகம், ஒவ்வொன்றாகத் தூசி தட்டி அதே ஒழுங்கில் வைக்கவேண்டும் என்பதால் நேரம் இல்லை என்று தட்டிக்கழித்திருந்தேன். இப்போது மணியை அமத்தினேன்.

"ஏழு வீடு பிடிச்சு வைச்சிருந்த ஆளுக்கு இப்ப எனக்காக நேரம் வந்திட்டுதோ?"

"ஓம், சிஞ்ஞோரினா."

"எவ்வளவு நேரம்?"

"முழு நேரமும்."

மனிசி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சொன்னார்: "வா. ஆனால் பதிவோடைதான். கள்ள வேலை என்ரை வீட்டிலை இல்லை."

எனக்குக் கண் கலங்கப் பார்த்தது. "எனக்கும் அப்பிடித்தான் விருப்பம்" என்று நான் சலுகை கொடுக்கிறதுபோலச் சொன்னேன். ஒப்பந்தத்தைக் கையெழுத்து வைக்கமுதல் முழுவதையும் சத்தமாக வாசிக்கவைத்தார். ஒரு மணித்தியாலம் எடுத்தது. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு எனக்கு நடந்த ஒரே பள்ளிக்கூடம் அதுதான்.

சிஞ்ஞோரினா எழுதின மணித்தியாலம் சிஞ்ஞோரா பீனா எழுதினதிலும் குறைவு, குடும்பத்தைக் கூப்பிட அது மட்டும் காணாது. "உங்கடை சிநேகிதியள் ஆரும் பென்சனிலை இருக்கினமோ?" என்று கேட்டேன். இரண்டு ஆசிரியைகள் கிடைத்தார்கள். அவர்கள் மூலம் ஒரு மருந்துக்கடைக்காரரின் தாய். எல்லோரிடமும் முதலில் கேட்டது ஒன்றுதான்: இந்த வீட்டுக்குக் காசு எங்கையிருந்து வருது? காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசு ஒருவரின் மனைவி மட்டும் கோபித்துக்கொண்டார்: "நீ வீடு கூட்ட வந்தியோ, வரிக் கந்தோரிலை இருந்து வந்தியோ?" அவரும் பிறகு வேலை தந்தார்.

குவெஸ்தூராவில் கூப்பிட்டபோது ஒன்றல்ல, மூன்று ஒப்பந்தம் கொண்டுபோய் மேசையில் விரித்தேன். பவளமும் மகளும் வந்து சேர்ந்தார்கள்.

இதை வாசிக்கிற இளம் ஆட்களுக்கு ஒன்று சொல்கிறேன். வேலை இல்லாதவனைக் கண்டால் சோம்பேறி என்று சொல்லமுதல், அவனுக்குச் சம்பளம் தந்தவனுக்கு யார் காசு கொடுத்தார்கள், அது எங்கே நின்றது என்று கேளுங்கள். ஒரு ஊர் முழுக்க ஒரே கையைப் பார்த்திருந்தால், அந்தக் கை மூடும்போது கெட்டிக்காரனும் றோட்டில்தான் நிற்பான். நானே நின்றேன், என்னிலும் கெட்டிக்காரன் உண்டா?

வந்த அடுத்த வருடம் பவளமும் வேலைக்குப் போக வெளிக்கிட்டாள். என் ஆசிரியைகளின் தெருவிலேயே இன்னொரு பென்சன்காரியின் வீடு வந்தது. வேண்டாம் என்றுவிட்டு, துறைமுகப் பக்கம், கப்பலுக்குச் சாமான் கொடுக்கிற ஒரு வியாபாரியின் வீட்டைப் பிடித்துக்கொடுத்தேன். அருளப்புவுக்கு விளங்கவில்லை.

"என்னண்ணை, கிட்டக் கிடைச்ச வீட்டை விட்டிட்டு? புருசனும் பெண்சாதியும் ஒரே பஸ்ஸிலை கதைச்சுக்கொண்டு போகலாமே?"

"வீட்டிலை கதைப்பம்" என்றேன்.