பாயோடு ஒட்டியவர்

இலங்கையின் வடக்கையும் கிழக்கையும் ஒரே மாகாணமாக இணைத்தது செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததை வானொலி சொன்னபோது, நான் மகளுக்குச் சோறு குழைத்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

என் கணவர் யாழ்ப்பாணத்தவர். இணைந்த மாகாணத்தின் திருகோணமலை அரசாங்கக் கந்தோரில் லிகிதர், எழுத்தர் வேலை. வெள்ளிக்கிழமைகளில் மட்டக்களப்புப் பக்கம் பெரியகல்லாற்றிலுள்ள என் வீட்டுக்கு வருவார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். வெளியூர் ஆண்களை மட்டக்களப்புப் பெண்கள் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்று வடக்கில் ஒரு கதை உண்டு. "என்ர பிள்ளையைப் பாயோட ஒட்டிப்போட்டினம்" என்று கலியாண வீட்டிலேயே என் மாமியார் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அன்று பின்னேரம் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்னகா புள்ள, கோட்டுல பிரிச்சிட்டாங்களாமே. இனி உன்ட புருசன் வீட்ட வாறதுக்கும் விசா எடுக்கணுமோ?"

"பகிடி விடாதீங்க அக்கா."

"பகிடி இல்லகா. பாய இறுக்கிக் கட்டி வை."

மறுநாள் பத்திரிகையில் தீர்ப்பை இரண்டு தரம் வாசித்தேன். சண்டை ஓயாமல், ஆயுதங்கள் ஒப்படைக்கப்படாமல் இணைத்தது சட்டப்படி பிழை என்றிருந்தது. காரணம் விளங்கியது. ஆனால் கந்தோர் இரண்டாகும், எந்தப் பக்கம் என்று இவரைக் கேட்பார்கள் என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் யாழ்ப்பாணத்தில் தனியாக இருந்தார். சண்டையால் யாழ்ப்பாணத் தரைப்பாதை பூட்டிய நாளிலிருந்து, தாய்க்குப் பிடித்த கறி வைத்தால் இவர் பாதிச் சாப்பாட்டில் எழும்பிவிடுவார். போகாதீர்கள் என்றால் ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பறிக்கிறேன். போங்கள் என்றால், கப்பலில் போகும் இவர் எப்போது திரும்புவார்? மகள் அப்போதுதான் "அப்பா" சொல்லப் பழகியிருந்தாள். இரண்டையும் மாறி மாறி மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் நான் கெட்டவளாகவே தெரிந்தேன்.

வெள்ளிக்கிழமை சோதனைச் சாவடிகளெல்லாம் தாண்டி, தூசியோடு வந்தார். கிணற்றடியில் முகம், கால் கழுவும்போதே சொல்லிவிட்டேன், சாப்பிட்ட பிறகென்றால் தைரியம் போய்விடும் என்ற பயத்தில்.

"நீங்க அம்மாவிட்டப் போங்க. நான் புள்ளயப் பாத்துக்குவன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இதை எத்தினை நாளாய்ப் பாடமாக்கினீர்?"

நான் அவருடைய பையை எடுத்துத் தூசி தட்டினேன்.

"கந்தோரில கேட்டவை. கிழக்கு எண்டு சொல்லிப்போட்டன்."

"அம்மா பாவமில்லையா?"

"அவவைக் கேட்டுத்தான் சொன்னனான். ஒரு மாதிரி போன் எடுத்துப் பிடிச்சன்."

"என்ன சொன்னாங்க?"

அவர் தாயின் குரலிலேயே சொன்னார். "பாயோட ஒட்டினதைப் பிடுங்கினால் தோல் உரியுமடா. அங்கையே கிட. பேத்திக்குப் பல்லு வந்திட்டுதோ?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு, ஏற்கெனவே கழுவிய முகத்தை மறுபடியும் கழுவத் தொடங்கினார். வாளித் தண்ணீர் முடிந்தும் கைகளை முகத்திலிருந்து எடுக்கவில்லை. நான் கயிற்றைப் பிடித்து இன்னொரு வாளி அள்ளி, அவர் பக்கத்தில் வைத்தேன்.