மூத்த மருமகனின் எஞ்சின்

மய்யித்தைக் குளிப்பாட்டியவர்கள் அப்துல் கபூரின் நகக்கண்களில் இருந்த கறுப்பை எடுக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார்கள். அது ஒரு பஸ்ஸின் கறுப்பு. மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையில் ஓடிய பழைய ஆறு சிலிண்டர் பஸ். ஓட்டியதும் அவர்தான், கழற்றிப் பூட்டியதும் அவர்தான். பொறுமையான மனிதர் என்று அவருடைய ஊரான காத்தான்குடி சொல்லும். ஆனால் அவர் பொறாமைக்காரர். அந்தப் பொறாமை முழுவதும் ஒரே ஒரு ஆளின் மேல்.

அந்த ஆள் மர்சூக். கபூரின் மனைவி றமீஸாவின் தங்கையைக் கட்டியவன். பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே குடியேற்றுவது அந்தப் பக்கத்து வழக்கம். ஆகவே மாமி ஸைனம்புவின் ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, இரண்டு மருமகன், இரண்டு பஸ். கபூரின் பஸ்ஸில் கொண்டக்டராக நின்று தொழில் பழகியவன்தான் மர்சூக். அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்து வைத்தவரே கபூர்தான். இப்போது அவனிடம் புது எஞ்சின் இருந்தது. காலையில் ஒரு சுற்றுக்கே பிடித்துக்கொள்ளும். கபூர் இன்னும் கைபிடியைச் சுற்றிக்கொண்டிருக்க, அவன் வளவைத் தாண்டிப் போய்விடுவான்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஸைனம்புவின் மூன்றாவது மகள் ஹிதாயாவுக்கு ஏறாவூரில் மாப்பிள்ளை முடிவானது. மாப்பிள்ளையைக் கொண்டுவந்து வாசலில் இறக்குவது மூத்த மருமகனின் உரிமை. அதை ஸைனம்பு ஒரு நாள் அரிசி புடைத்தபடியே அசைத்துப் பார்த்தார்.

“மர்சூக்ட பஸ்ஸில ஏறினா முக்காடு பறக்குது. ஒங்கட பஸ்ஸில ஏறினா ஒரு தஸ்பீஹ் ஓதி முடிச்சிரலாம். மாப்பிள வந்து சேரக்குள்ள சோறு ஆறிப் போயிரும் மருமகன்.”

றமீஸா சிரித்துவிட்டாள். கபூருக்கு அந்தச் சிரிப்புத்தான் தைத்தது.

மறுநாள் அவர் பட்டினத்தில் ஹமீட்டின் பழைய இரும்புக் கடையில் நின்றார். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை மாற்றினால் பழைய எஞ்சினும் பாயும் என்பது அவருக்குத் தெரியும். அங்கே இரண்டு ஹெட் கிடந்தன. ஒன்று அவருடைய எஞ்சினின் வயதுதான், ஆனால் வால்வுகள் பெரியவை. மற்றது உடைந்த பட்டாள லொறியில் கழற்றியது. மர்சூக்கின் எஞ்சினில் இருப்பதும் அதே வகை. கபூர் இரண்டையும் கவிழ்த்துவைத்து, தீ எரியும் குழிகளில் தேங்காயெண்ணெய் ஊற்றி அளந்தார். பட்டாள ஹெட்டின் குழி மிகவும் குறைவாகவே குடித்தது. குழி சிறுத்தால் அழுத்தம் கூடும். வேகமும் கூடும், அடியும் கூடும். அப்போது பங்கீட்டில் கிடைத்த பெற்றோலில் பாதி மண்ணெண்ணெய்; அழுத்தம் கூடினால் அது எஞ்சினைத் தட்டவைக்கும். எஞ்சின் தண்டைத் தாங்கும் அவருடைய பெயறிங்குகளோ தேய்ந்தவை. முதல் ஹெட்தான் சரி என்று எண்ணெய் சொல்லிவிட்டது.

“எதக் கட்ட, காக்கா?” என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டான் ஹமீட்.

“மர்சூக் இதுல எதயாவது பாத்தானா?”

“அவருக்கு என்னத்துக்கு? அவர்ட்டத்தான் அந்த ரகம் இரிக்கே.”

“அப்ப அந்த ரகத்தையே கட்டு.”

ஹெட்டைப் பூட்டிய அன்று மர்சூக் வேலியோரம் வந்து நின்று, ஓடும் எஞ்சினைக் காது கொடுத்துக் கேட்டான்.

“காக்கா, இந்த எண்ணெய்க்கு இது தட்டும்.”

“ஒன்ட தட்டல்லையே.”

“என்ட எஞ்சின் அதுக்கெண்டே செஞ்சது. ஒங்கட பெயறிங் தாங்காது.”

“ஒனக்கு மணியடிக்கப் படிப்பிச்சதே நான்தான். எனக்குப் பெயறிங் படிப்பிக்க வாறியா?”

மர்சூக் வேலியை விட்டுப் போனான். ஆள் ஏற்றாத வெறும் பஸ் குருக்கள்மடம் வரை பறந்து திரும்பியது. ஸைனம்பு ஏறிப் பார்த்துவிட்டு, “ஓம், நீங்களே கொண்டு வாங்க” என்றார். அன்றிரவு கபூர் வயிறாரச் சாப்பிட்டார்.

கலியாண நாளில் ஏறாவூரிலிருந்து மாப்பிள்ளையும் ஆண்களும் அவருடைய பஸ்ஸில் நிறைந்தார்கள். பெண்களை ஏற்றிக்கொண்டு மர்சூக் பின்னால் வந்தான். பாரம் ஏறியதும் எஞ்சின் தட்டத் தொடங்கியது, தகரத்தில் கூழாங்கல் கொட்டுவதுபோல. கபூர் ஸ்டியரிங்கில் இருந்த சிறு பிடியால் தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளினார். தட்டல் நின்றது, ஆனால் இழுவையும் போய்விட்டது. பஸ் முன்பைவிட மெதுவாக ஊர்ந்தது.

கண்ணாடியில் மர்சூக் தெரிந்தான். முந்துவதற்கு ரோடு தாராளமாகக் கிடந்தது. அவன் முந்தவில்லை. ஹோர்னும் அடிக்கவில்லை. மூத்தவரின் வண்டிக்குப் பின்னால், அதே ஊர்தலில், பணிவாக வந்துகொண்டிருந்தான். முந்தியிருந்தால் கபூர் தாங்கியிருப்பார். அந்தப் பணிவை அவரால் தாங்க முடியவில்லை. கல்லடிப் பாலத்துக்கு ஏறும் இடத்தில் தீப்பொறியை மறுபடி முன்தள்ளி, பெடலை அடிவரை மிதித்தார்.

அடியில் ஏதோ இடித்தது. பிறகு இடித்துக்கொண்டே இருந்தது. பெயறிங் போய்விட்டது.

ஆண்கள் இறங்கி பஸ்ஸை ஓரத்துக்குத் தள்ளினார்கள். மாப்பிள்ளை பட்டுச் சால்வையோடு வாவிக் காற்றில் நின்றார். மர்சூக் வந்தான். பஸ்ஸைப் பார்க்கவில்லை, கபூரின் முகத்தையும் பார்க்கவில்லை.

“மாப்பிளய என்ட பஸ்ஸில ஏத்துங்க. நீங்க ஓட்டுங்க காக்கா. மூத்தவர்தான் இறக்கணும். நான் இஞ்ச நிக்கிறன்.”

கபூர் ஏறினார். அத்தனை பேரையும் சுமந்துகொண்டு அந்த எஞ்சின் ஒரு முனகலும் இல்லாமல் பாலத்தில் ஏறியது. அவருடைய பாதத்துக்குக் கீழே அது பால்போல ஓடியது. ஒரு குறையாவது அகப்படாதா என்று காத்தான்குடி வரை காது கொடுத்துக்கொண்டே வந்தார். அகப்படவில்லை.

வாசலில் குரவை எழுந்தது. மூத்த மருமகன் கொண்டுவந்து சேர்த்துவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். ஸைனம்பு மாப்பிள்ளையைப் பார்த்தார், பிறகு பஸ்ஸைப் பார்த்தார். பலர் கூடி உண்ணும் சஹனில் கபூர் உட்காரவில்லை. ஒரு வடக்கயிற்றை எடுத்துப் போட்டுக்கொண்டு மர்சூக்கின் பஸ்ஸிலேயே பாலத்துக்குத் திரும்பினார்.

மர்சூக் பழுதான பஸ்ஸின் மிதிபலகையில் உட்கார்ந்திருந்தான். இருவரும் கயிற்றைக் கட்டினார்கள். கடைசி முடிச்சில்தான் கபூர் வாய் திறந்தார்.

“ஒன்ட பஸ் நல்ல பஸ்.”

அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு வலித்தது என்று மர்சூக்குக்குத் தெரியும்.

“ஓம் காக்கா” என்றான். இழுபடப்போகும் பஸ்ஸின் ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்துகொண்டான்.