கதவோரத்து இலை

ஆம்புலன்ஸ்காரர்களைக் கூப்பிட்டு விருந்து வைத்தால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். மற்றவர்களுக்குப் பந்தியில் நல்ல இடம் வேண்டும். இவர்களுக்குக் கதவோரத்து இலை வேண்டும். அன்றைக்கு லீவு, வண்டி கிடையாது, யாரும் கூப்பிடப் போவதில்லை என்று தெரிந்தும் வாசலைப் பார்த்து உட்காருவதற்கு ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். ஷூவைக் கழற்றமாட்டார்கள். சோற்றைப் பிசையக்கூட நேரம் கொடுக்காமல் அள்ளிப் போட்டுக்கொள்வார்கள். அம்மா சொல்லுவாள்: "இதுங்களுக்குச் சோறு போடறதும் வண்டிக்கு டீசல் போடறதும் ஒண்ணு. ரொம்புச்சா, கெளம்புச்சா, அவ்ளோதான்."

எங்கள் அப்பாவும் அந்த ஜாதிதான். மலைமேல் கரியாலூரில் நிற்கும் ஆம்புலன்ஸை ஓட்டினார்.

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது ஒரு மழை நாளில், கள்ளக்குறிச்சியில் நோயாளியை இறக்கிவிட்டு அப்பா மலையேறிக்கொண்டிருந்தார். ஒரு வளைவில் மரம் விழுந்து ரோட்டை மறித்துக்கொண்டு கிடந்தது. மேலே யாருக்காவது வலி வந்தால் வண்டி போக வேண்டுமே என்று அப்பா இறங்கி அதைத் தள்ளப் போனார். மரம் சரிவில் உருண்டது. அப்பாவின் வலது கால் அதற்கு அடியில் மாட்டிக்கொண்டது. வண்டியில் கூட இருந்த டெக்னீஷியன் அக்காவுக்கு ஊசி போடத் தெரியும், பிரசவம் பார்க்கத் தெரியும், வண்டி ஓட்டத் தெரியாது. மேலேயிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்த டெம்போ டிரைவர்தான் மரத்தைத் தாண்டிக் குதித்து வந்து, காலை விடுவிக்க உதவி, ஆம்புலன்ஸைத் திருப்பிக் கீழே ஓட்டினார். அக்கா பின்னால் காலை இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்க, அப்பா படுத்தபடியே, "ரெண்டாவதுல போடுய்யா! பிரேக்கு மேலயே கால வெச்சிக்கினு போவாதய்யா!" என்று அடிவாரம் வரைக்கும் கத்திக்கொண்டு வந்தாராம்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அப்பா காலைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த டெம்போக்காரர் கியர் மாற்றிய லட்சணத்தைப் பற்றித்தான் பேசினார்.

எட்டு மாதம் அப்படியே போனது. கட்டிலுக்கும் வாசற்படிக்கும் நடுவில் இரண்டு ஊன்றுகோல்களை வைத்து நடப்பார். வாசற்படியைத் தாண்டமாட்டார். ஆனால் திங்கட்கிழமை ஆனால் யூனிஃபார்மைத் துவைத்து இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியாக வேண்டும். அம்மா எப்போதாவது சலித்துக்கொண்டால், "நாளைக்கே வண்டிக்குக் கூப்டா, கசங்குன சட்டையோடவா போவச் சொல்றே?" என்பார். அம்மா பேன்ட்டின் இரண்டு கால்களையும் சமமாக மடித்துத் தேய்ப்பாள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு ரைஸ்மில் முதலாளி இருந்தார். அவருடைய மகளுக்கு ஆம்புலன்ஸிலேயே பிரசவம் ஆகித் தாயும் பிள்ளையும் சுகமாக வீடு வந்ததிலிருந்து அவர் ஒரு அறக்கட்டளை நடத்திக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வேலையில் இருப்பவர்களுக்கு அடிபட்டாலோ, ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டாலோ, அந்த வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், அரிசி பருப்பு எல்லாம் அதிலிருந்து வரும். எங்கள் வீட்டுக்கும் வந்தது. என் ஸ்கூல் பேக்கும் ஷூவும் அப்படி வந்தவைதான். அவ்வளவு நல்ல பேக்கை வைத்துக்கொண்டு நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன் என்பது வேறு விஷயம். பேக்கின் மேல் குறை சொல்ல முடியாது.

அப்பா அரிசிக்கு மறுப்பு சொல்லவில்லை. காலுக்குத்தான் சொன்னார். செயற்கைக் கால் வாங்கித் தருகிறோம், அளவு எடுக்க மட்டும் வாருங்கள் என்று அறக்கட்டளை சொன்னது. பெயர் எழுதும் வேலை டெக்னீஷியன் அக்காவிடம் இருந்தது. அவர் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு மூன்று தடவை வந்தார்.

"எனக்கு இன்னாத்துக்கும்மா? இல்லாதவங்க யாருக்காச்சும் குடுங்க."

"இருக்கிறவன் பேச்சு பேசாதண்ணா. உனக்கு இருக்குதா?"

"ஆறட்டும்மா. மொதல்ல புண்ணு ஆறட்டும்."

"ஆறி மூணு மாசம் ஆவுது. நான்தான கட்டு பிரிச்சேன்?"

அப்பா சிரித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அக்கா தெருமுனை போனதும் அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுவார்: "கட்டக் கால மாட்டிக்கினேன்னு தெரிஞ்சா வண்டியத் தருவானுங்களா? நீயே சொல்லு." மாட்டிக்கொள்ளாவிட்டால் தருவார்களா என்று அம்மா கேட்கவில்லை. அப்போது எனக்கும் அது கேட்கத் தோன்றவில்லை. அப்பா பேச்சில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது.

முதலாளி வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, டூட்டி இல்லாத ஆம்புலன்ஸ்காரர்களை எல்லாம் குடும்பத்தோடு ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கூப்பிட்டு மத்தியானச் சாப்பாடு போடுவார். அந்த வருட விருந்தோடு கால் அளவுக்குப் பெயர் கொடுக்கும் கெடுவும் முடிய இருந்தது. விருந்து முடிந்ததும் அக்கா நோட்டைக் கொடுத்துவிட வேண்டும். அம்மா இதை அப்பாவிடம் சொல்லவில்லை. "உங்க கூட்டாளிங்க எல்லாம் வராங்களாம். நீங்க வரலன்னா நல்லாவா இருக்கும்?" என்று மட்டும் சொன்னாள். அப்பா யூனிஃபார்ம் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக வாசற்படியைத் தாண்டி ஷேர் ஆட்டோவில் ஏறினார்.

மண்டபத்தில் டேபிள் போட்டு இலை விரித்திருந்தார்கள். அப்பா உள்ளே நுழைந்ததும் கதவோரத்தில் உட்கார்ந்திருந்த இளவட்ட டிரைவர் ஒருவர் சட்டென்று எழுந்தார். "நீ குந்துண்ணா" என்றார். பக்கத்தில் இருந்தவர் ஊன்றுகோல்களை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். எப்போதும் அந்த இடத்துக்காக முட்டிக்கொள்ளும் கூட்டம், அன்றைக்கு அப்பாவோடு மட்டும் சண்டை போடவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

எதிர் வரிசையில் எனக்குப் பக்கத்தில் டெக்னீஷியன் அக்காவின் மகள். என் வயதுதான். வாய் மட்டும் என்னைவிட இரண்டு வயது பெரியது.

"உங்கப்பா ஏன் சட்ட மட்டும் யூனிபாரம் போட்டுக்கினு வந்துக்கிறாரு?"

"அவரு டூட்டில இருக்காரு."

"பொய்யி. எங்கம்மா சொல்லிச்சி, அவரால இனிமே ஓட்ட முடியாதாம்."

எனக்கு வந்ததே கோபம். அவளை அடித்திருப்பேன். ஆனால் அவளுடைய இலையில் முழுசாக ஒரு அப்பளம் இருந்தது. என்னுடையதை நான் உட்கார்ந்த வேகத்தில் தின்றுவிட்டிருந்தேன்.

"ஒரே சத்தத்துல இந்த டிரைவருங்க எல்லாரையும் எய்ந்து ஓட வெக்கட்டா? பந்தயம் இன்னா?"

"உன்னால முடியாது."

"அப்பளம் தருவியா?"

"ஓடுனா தரேன். ஓடலன்னா உன் பாயசம் எனுக்கு."

ஆம்புலன்ஸ்களில் ஒரு போன் இருக்கும். எங்கேயோ ஒருவருக்கு முடியவில்லை என்றால் அதில்தான் கூப்பிடுவார்கள். எல்லா வண்டியிலும் ஒரே மாதிரி மணிச் சத்தம்: மூன்று குட்டையாக, ஒன்று நீளமாக. பள்ளிக்கூட லீவில் அப்பாவோடு கரியாலூர் போய் அதைக் கேட்டுக் கேட்டு, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி அச்சு அசலாக அந்தச் சத்தத்தை எழுப்பப் பழகியிருந்தேன். அப்பாவுக்கு அடிபட்ட பிறகு வீட்டில் அதைச் செய்தால் தோலை உரித்துவிடுவேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். மண்டபத்தைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.

முதலாளி பாயச வாளியோடு வரிசையின் தொடக்கத்துக்கு வந்தார். நான் தண்ணீர் குடிக்கிற மாதிரி டம்ளரை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு சத்தத்தை விட்டேன். மூன்று குட்டை, ஒன்று நீளம். டம்ளருக்குள் பட்டு இன்னும் நன்றாக ஒலித்தது.

நான் நினைத்ததைவிட அழகாக நடந்தது. ஒருவரும் யோசிக்கவில்லை. மண்டபம் முழுக்க நாற்காலிகள் ஒரே நேரத்தில் பின்னால் தள்ளப்பட்டன. சோற்றுக் கையோடு, மென்றுகொண்டிருந்த வாயோடு, ஆணும் பெண்ணுமாக அத்தனை பேரும் வாசலைப் பார்த்து ஓடினார்கள். ஒருவர் இலையையே இழுத்துக்கொண்டு ஓடினார். முதலாளி வாளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். நான் சிரித்த சிரிப்பில் டம்ளர் தண்ணீர் மூக்கில் ஏறியது.

எல்லாருக்கும் முன்னால் எழுந்தவர் அப்பா. கதவோரத்து இலை அவருடையதுதானே? ஊன்றுகோல்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்தார், வாசலுக்குத் திரும்பினார், ஓடுவதற்கு வலது காலை எடுத்து வைத்தார்.

விழுந்த சத்தம் நாற்காலிச் சத்தத்தை எல்லாம் அமுக்கிவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் வரும், வேறொன்றும் வரும். ஓடியவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். முப்பது நாற்பது ஆம்புலன்ஸ்காரர்களுக்கு நடுவில் ஒரே ஒரு நோயாளி. "அசையாதண்ணா!", "கய்த்தப் புடிடா மொதல்ல, தல ஆடக் கூடாது!", "நான் பல்ஸ் பாக்கறேன், நீ நகரு", "நீ டிரைவரு, உனுக்கு இன்னா வேல இங்க?", "தண்ணி குடுக்காதீங்க!" சாம்பார்க் கையோடு ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். ஒருவர் ஸ்ட்ரெச்சர் எடுத்துவர வெளியே ஓடி, வண்டி எதுவும் கொண்டுவரவில்லை என்பது நினைவுக்கு வந்து வெறுங்கையோடு திரும்பினார்.

"யோவ், உடுங்கய்யா!" அப்பா தரையில் கிடந்தபடி கத்தினார். "எனுக்கு ஒண்ணும் இல்ல. போன எடுங்க. கேசு எந்தூர்ல?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரிடமும் வண்டிப் போன் இல்லை. அம்மா மட்டும் கூட்டத்துக்கு மேலாக நேரே என்னைப் பார்த்தாள். டம்ளர் இன்னும் என் கையில்தான் இருந்தது.

"போனு இல்லிங்க" என்றாள். "நம்ம பையன் பண்ண வேல."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. எந்தப் பக்கம் ஓடலாம் என்று பார்த்தேன். இருந்த ஒரே வாசலில் அப்பா கிடந்தார்.

அவர் என்னைத் திட்டவில்லை. டெக்னீஷியன் அக்கா அவர் தலைமாட்டில் மண்டி போட்டிருந்தார். அவரிடம்தான் கேட்டார்.

"எந்தக் கால ஊனுனேன்?"

அக்கா அவர் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தார்.

"வலது காலத்தான்ணா."

அப்பா தலையைத் தூக்கி, மடித்து ஊக்கு குத்தியிருந்த பேன்ட்டைப் பார்த்தார். புதிதாக வாங்கிய ஒரு பொருளைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார். பிறகு தலையைத் தரையில் வைத்துவிட்டு, "மறந்துட்டேன்ம்மா" என்றார். கடையில் உப்பு வாங்க மறந்துவிட்டேன் என்பதுபோலத்தான் சொன்னார். ஆனால் சுற்றி நின்ற அத்தனை பெரிய ஆட்களும் ஏன் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அந்த இளவட்ட டிரைவர் சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

முதலாளி வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். வெள்ளை வேட்டியில் பாயசம் சிந்தியிருந்தது.

"டிரைவரே, எய்ந்து சாப்புடுறீங்களா? இல்ல, எலய இங்கியே கொண்டாரச் சொல்லட்டுமா?"

"எய்ந்து சாப்புடுறேன் மொதலாளி." அப்பா அக்காவின் தோளைப் பிடித்தார். பிடித்தவர் உடனே எழவில்லை. "அந்த நோட்ட வெச்சிக்கினு இருக்கியாம்மா?"

"இருக்குதுண்ணா."

"எம்பேர எழுதிக்கோ."

அக்கா எழுதினார். கை கழுவாமல் எழுதியதில் அந்தப் பக்கத்தில் மஞ்சளாக விரல் பதிந்தது. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நாற்காலிகள் மறுபடி இழுக்கப்பட்டன. பந்தி தொடர்ந்தது. என் பக்கத்தில் இருந்தவள் அவளுடைய அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தாள். நான் அதைத் தின்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் பல வருடம் அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். மூன்று தடவை நோட்டோடு வந்து அக்காவால் ஆகாததை, ஒரே சத்தத்தில் நான் முடித்துவிட்டேன் என்று. அப்பா காலுக்கு ஒத்துக்கொண்டார், அளவெடுத்தார்கள், கால் வந்தது, நடந்தார். இதில் பொய் எதுவும் இல்லை. அந்த மண்டபத் தரையில், எட்டு மாதமாகப் பிடித்து வைத்திருந்த எதை அவர் விட்டுவிட்டார் என்பது மட்டும் அந்தக் கதையில் இருக்காது. எனக்கு அது தெரியாது.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அப்பா என் தலையில் கை வைத்தார். குட்டப் போகிறார் என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டு தாண்டியது, கோர்ட்டு தாண்டியது, குட்டு விழவில்லை. கையையும் எடுக்கவில்லை. ரோடு மோசம், ஆட்டோ குலுங்குகிறது, பாவம், பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அதனால் வீடு வரும்வரை தலையைக் கொஞ்சமும் ஆட்டாமல், விறைப்பாக, நேராகப் பிடித்துக்கொண்டே வந்தேன்.